கெட்ட செய்தியின் மொழி

அஜர்பைஜான் மலையில் இருக்கும் அலிக் கிராமத்தில் குல்நிசாவின் வீட்டில் இரண்டு மொழிகள் புழங்கின. பிள்ளைகளிடம் நாட்டு மொழியான அஜர்பைஜானி, கணவன் அகாபாலாவிடம் மலைக்காரர்களின் மொழியான கிரிஸ். "வீட்டுல கிரிஸ் பேசினா புள்ளைங்க படிப்புல பின்தங்கிரும்" என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்ன நாளிலிருந்து, தன்னைப் பெற்றவர்கள் பேசிய மொழியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனால் அந்த மொழி வீட்டை விட்டுப் போய்விடவில்லை. ஆட்டுக்கொட்டில் சரிந்ததையும், பனிக்காலம் முடியும் முன்பே மாவு தீர்ந்துவிட்டதையும், குல்நிசாவின் தங்கை பிழைக்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்ததையும், பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதே என்று கணவனும் மனைவியும் கிரிஸில்தான் பேசிக்கொண்டார்கள். சாப்பிடு, தூங்கு, என் உசுரே என்பதெல்லாம் அஜர்பைஜானிக்குப் போயிற்று. கிரிஸுக்கு மிஞ்சியது துக்கமும் பயமும்தான்.

பிள்ளைகள் என்ன முட்டாள்களா? சொல் புரியாவிட்டாலும் சங்கதி புரிந்தது. அந்தப் பேச்சு தொடங்கினாலே மகன் நாமிக் விளையாட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவான். எதுவும் கேட்கமாட்டான். "சொல்லாமலே எந்திரிச்சுப் போகுது பாரு, தங்கமான புள்ள" என்று குல்நிசா அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக்கொள்வாள். அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அந்த மலையில் பல வீடுகளில் இதே கதைதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

நாமிக் வளர்ந்து, பழைய ஜீப் ஒன்றை ஓட்டத் தொடங்கினான். ஊராரின் உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் மலையடிவாரத்துக் குபா நகரச் சந்தைக்குக் கொண்டுபோவான். கீழே இறங்கப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரே பாதை. அந்த இலையுதிர்காலத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை சட்டென்று வெயில் அடித்தது. ஊரே சிரித்தது. நாமிக் மூட்டைகளை ஏற்றிவிட்டு, தேநீர் குடிக்க உட்கார்ந்தான்.

அப்போதுதான் அகாபாலாவின் தம்பி நஸ்ருல்லா மேய்ச்சல் மேட்டிலிருந்து வந்து சேர்ந்தான். முழங்கால் வரை சேறு. அண்ணன் மகனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்திக் கிரிஸில் சொன்னான்.

"அண்ணி, பாதைக்கு மேல சரிவு பொளந்துகிட்டு நிக்குது. கையை விடலாம், அவ்வளவு அகலம். ஆடுங்க அந்தப் பக்கம் காலையே வைக்கமாட்டேங்குது."

குல்நிசா பிசைந்த மாவை உருட்டி வைத்தாள். பயத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஆரம்பிச்சாச்சா?" என்றான் நாமிக் அஜர்பைஜானியில். "இன்னிக்கு யாரு செத்தது?"

"வாயக் கழுவுடா. ஆட்டுக்குச் சீக்காம்."

"ஆட்டுச் சீக்குக்கா சித்தப்பா மூஞ்சி இப்படித் தொங்குது?"

நஸ்ருல்லா மறுபடி கிரிஸுக்கு மாறினான். "இவன்கிட்டச் சொல்லிரட்டுமா அண்ணி?"

"பயணம் போறவன்கிட்டப் போயி வழியப் பத்திக் கெட்டது பேசுவாங்களா? வாய் வச்சா நடந்துரும். ஓடு, உங்க அண்ணனக் கூட்டிட்டு வா. அப்பன் வேண்டாம்னா நின்னுருவான்."

நஸ்ருல்லா ஓடினான். குல்நிசா மகன் பக்கம் திரும்பி, குரலில் சர்க்கரை சேர்த்து அஜர்பைஜானியில் கெஞ்சினாள். "இன்னிக்கு ஒருநாள் இரேன்டா. உனக்குப் பிடிச்ச அப்பம் சுடறேன், மாவு கூடப் பிசைஞ்சாச்சு."

"சாயங்காலம் வந்து திங்கறேன்மா. சந்தை கலைஞ்சுரும். நீங்க உங்க ரகசியத்தப் பேசி முடிங்க." அவன் கோபப்படவில்லை. சின்ன வயதில் போனது போலவே எழுந்து போனான்.

வண்டி உறுமியது. குல்நிசா மாவுக் கையோடு ஓடினாள். ஜீப் வறட்டிக் குவியலைச் சுற்றி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. போகாதே, சரிவு பிளந்திருக்கிறது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அஜர்பைஜானியில் சந்தையில் பேரம் பேசுகிறவள், பக்கத்து வீட்டுக்காரியை மடக்கி மடக்கிச் சண்டை போடுகிறவள். ஆனால் வாயைத் திறந்ததும் கிரிஸ்தான் வந்தது. தொண்டை கிழியக் கத்தினாள், திரும்பவும் கிரிஸ்தான். அவளுக்குள் பயத்துக்கு வேறு வழி இருந்ததே இல்லை.

நாமிக்குக்குக் கேட்டது. பின்னால் எங்கோ சித்தப்பா வருகிறார், அம்மா அவரிடம் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டான். தனக்கில்லாத பேச்சு. சிரித்துக் கையசைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். ஜீப் வளைவில் மறைந்தது.

அகாபாலாவும் நஸ்ருல்லாவும் முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது நாய்கள் குரைப்பதை நிறுத்தியிருந்தன. பிறகு மலை தொண்டையைச் செருமியது போல ஒரு சத்தம் வந்தது. அது முடிய வெகுநேரம் பிடித்தது.

உச்சிவேளையில் ஆண்கள் அவனைத் தோண்டி எடுத்துவந்து முற்றத்தில் கம்பளத்தில் கிடத்தினார்கள். ஒப்பாரி வைக்கத் தொடங்கிய பெண்களைக் குல்நிசா கையமர்த்தினாள். முக்காட்டு நுனியால் மகனின் காதிலிருந்த சேற்றைத் துடைத்தாள். குனிந்து, அஜர்பைஜானியில், பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நாமிக், இன்னிக்குப் போகாதடா. பாதைக்கு மேல சரிவு பொளந்துருக்கு. சித்தப்பா கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாரு."