திரும்பி வந்த ஒரே படகு

விடியற்காலைத் தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. நான் டீக்கடையில் நின்றிருந்தேன். இஸ்மாயில் என்பவர் மௌத்தாகிவிட்டார், காலமானார் என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தர்மபுரியில் இஸ்மாயிலுக்கா பஞ்சம்? முந்தின நாள் சாயங்காலம் என்னோடு சண்டை போட்டுவிட்டுக் கடையைச் சாத்திய மனிதர் அவராக இருப்பார் என்று யார் நினைப்பார்கள். அடுத்து "குடை ரிப்பேர் கடை" என்றார்கள். கிளாஸில் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன்.

அவர் கடைக்கும் எங்கள் அச்சகத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். நான் அச்சுக் கோப்பவன். கல்யாணப் பத்திரிகையும் தீர்த்தமலைத் திருவிழா நோட்டீஸும் கோத்தே காலம் போனது. அவர் பிழைப்பு இன்னும் மோசம். மழை பெய்யாத ஊரில் குடை ரிப்பேர். வானம் வருஷக்கணக்கில் ஏமாற்றியபோது அந்தக் கடைக்கு ஈ கூட வரவில்லை. "குடைக்குத்தான் வேலையில்ல கோயிந்து. கப்பலாச்சும் செய்யலாம்னு பாக்குறேன்," என்றார். தண்ணீர் இல்லாத ஊரில் கப்பலா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இஸ்மாயில் பாயின் மச்சினன் சவூதியிலிருந்து பாயின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு ரிமோட் கார் கொண்டுவந்திருந்தார். ஒரே வாரத்தில் அவர்கள் சக்கரத்தை உடைத்தார்கள். பாய் அதை ஒட்டிக் கொடுக்காமல், குடலை உருவி ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்தார். மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் போகக் குடைக்கம்பி, அது சுழல ஒரு பழைய பேனாக் குழாய், கம்பியின் முனையில் பவுடர் டப்பாத் தகரத்தில் வெட்டிய விசிறி. படகு கவிழாதிருக்க அடியில் பாரம் வேண்டும். அதற்கு என்னுடைய தேய்ந்த ஈய எழுத்துகள். "ஒரு கை எழுத்து குடுப்பா," என்று தடுப்புக்கு மேலே கை நீளும். முதலாளி பார்க்காத நேரமாக அள்ளிக் கொடுப்பேன்.

சோதனை ஓட்டம் வீட்டு அண்டாவில். லாரித் தண்ணீருக்கு ஜமீலாம்மா குடத்தோடு நின்று சண்டை போட்டுக் கொண்டுவந்த தண்ணீர் அது. அதில் கிரீஸ் மிதந்தால் எந்த மனைவிக்குத்தான் பொறுக்கும்? "குடிக்கிற தண்ணியில கப்பல் வுடுறாருங்க. நீங்களாச்சும் சொல்லக் கூடாதாண்ணே?" என்று என்னிடம் முறையிட்டார். நான் சொன்னேன். பாய் கிரீஸை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினார்.

போன ஐப்பசியில் ஒருவழியாக மழை கொட்டியது. இண்டூர் போகும் வழியில் உள்ள ஏரி பாதிக்கு மேல் நிறைந்தது. கடைக்கு வந்த குடைகளையெல்லாம் மூலையில் போட்டுவிட்டு மனிதர் படகோடு கிளம்பினார். பைத்தியம் என்றேன், கூடவே போனேன். அன்று கொண்டுபோனது அந்த மோட்டாரைப் பொருத்திய ஒரு தகர பொம்மை பஸ். நெற்றியில் மலைக்குப் போகும் பஸ் போல "சித்தேரி" என்று எழுதி, கூரைமேல் பிளாஸ்டிக் பொம்மைகளை வரிசையாக ஒட்டியிருந்தார். கரையை விட்டு நாலடி போனதும் ஒரு பக்கம் சாய்ந்து, ஆட்களோடு மூழ்கியது. பாய் இடுப்பளவு தண்ணீரில் தேடி எடுத்துவந்தார். "டாப்புல ஆளு ஜாஸ்தி," என்றார்.

அடுத்தது செருப்புப் படகு. நிஜமாகவே ஒற்றைப் பிளாஸ்டிக் செருப்பு, அதன்மேல் கை போன ஒரு பொம்மை. அது மிதந்தது, அழகாகப் போகவும் செய்தது. தவறு வேறிடத்தில் இருந்தது. அந்தக் கார், பொத்தானை அழுத்தினால் பின்வாங்கித் திரும்பும். விட்டால் நேரே ஓடும். வீட்டுக்குள் அது சரிதான், சுவர் தடுத்துவிடும். ஏரிக்கு ஏது சுவர்? ரிமோட்டுக்கு எட்டாத தூரம் போனதும் படகு நேரே போய்க்கொண்டே இருந்தது. பாய் கரையோரம் ஓடி ஓடி அழுத்தினார். செருப்பு கோரைக்குள் நுழைந்து மறைந்தது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜமீலாம்மா சொன்னதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. "போற கப்பலெல்லாம் போகட்டும். ஒண்ணாச்சும் போயிட்டுத் திரும்பி வரட்டும், அன்னிக்கு நானே ஏரிக்கு வந்து பாக்குறேன்." தண்ணீர் லாரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் தவிர வெளியே போகாத அம்மா அவர். கேலியாகத்தான் சொன்னார். இவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். "அவ வரேன்னு சொல்லிட்டா கோயிந்து. நான் வுடுவனா?"

கோரைக்குள் இறங்கி மோட்டாரை மீட்டுவந்து, பிஸ்கட் டின்னில் கடைசிப் படகைச் செய்தார். மோட்டார் கம்பிகளை மாற்றிப் போட்டார். இப்போது அழுத்தினால் நேரே போகும், விட்டால் அல்லது ரிமோட்டுக்கு எட்டாமல் போனால் பின்னோக்கித் திரும்பி வரும். தை பிறந்த பிறகு ஒரு காலையில் நாங்கள் இருவர் மட்டும் போய் விட்டுப் பார்த்தோம். நடு ஏரி வரை போயிற்று. பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். படகு தயங்கியது, வளைந்தது, பின்பக்கம் முன்னாக எங்களை நோக்கி வந்தது. அவர் காலடியில் வந்து முட்டியது. பாய் குந்தி உட்கார்ந்து அதன்மேல் கை வைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மனைவியை அழைத்துப்போவதாக ஏற்பாடு. அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் வர வேண்டும் என்றுதான் அந்தக் கடைசிச் சண்டை. வேலை இருக்கிறது, வர முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு போனார். இரவு தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தபோது அவரை அடக்கம் செய்து ஒரு நாள் ஆகியிருந்தது.

ஜமீலாம்மா இப்போது இத்தாவில் இருக்கிறார். கணவனை இழந்தவர் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. துக்கம் கேட்கப் போனபோது வாசல் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நீங்க பாத்தீங்களாண்ணே? நெசமாவே திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சும்மா. அவர் கால்கிட்டயே வந்து நின்னுச்சு."

அண்டாவில் விட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"அண்டாவுல வேணாங்க. ஏரிக்குத்தான கூப்புட்டாரு. இத்தா முடிஞ்சதும் வரேன். அது வரைக்கும் தண்ணி இருக்குமில்ல?"

"இருக்கும்," என்றேன்.

பிஸ்கட் டின் படகும் ரிமோட்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன, எழுத்துப் பெட்டிகளுக்கு மேலே. கசிந்துவிடக் கூடாதென்று பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், ஒரு படகு திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்ததும்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனேன். அது வந்து முட்டிய இடத்தில் ஆடு மேய்கிறது. நடுவில் மட்டும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். இன்னும் மாசியே முடியவில்லை. இத்தா முடிவதற்குள் சித்திரை வெயிலில் ஏரி முழுக்கக் காய்ந்துவிடும்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பாயைத் தெரிந்தவர்கள் அந்த வீட்டுக்குப் போனால் ஏரியைப் பற்றித் திரைக்குப் பின்னாலிருந்து கட்டாயம் கேட்பார். தண்ணீர் இருக்கிறது என்று சொல்லுங்கள்.