ராயப்பனுக்கு ஊற்றாத தண்ணீர்

ஒன்பது வயதில் மோட்சத்துக்குப் போகும் வழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ராயபுரத்தில் எங்கள் கோயிலின் ஞானோபதேச வகுப்பில், கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லி மற்றப் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவள் நான். தாய் வயிற்றில் பிறப்பது ஒரு பிறப்பு, ஞானஸ்நானத் தண்ணீரில் பிறப்பது மறுபிறப்பு. இரண்டாவது இல்லாமல் செத்த குழந்தை மோட்சம் சேராது. அதற்கென்று தனியாக ஓர் இடம் உண்டு. அங்கே வேதனையும் கிடையாது, ஆண்டவரின் முகமும் கிடையாது. ஆனால் குழந்தை சாகக் கிடந்தால் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் ஒரு கை தண்ணீரைத் தலையில் ஊற்றி அதற்குரிய வாசகத்தைச் சொல்லலாம்.

அந்தச் சமயத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தது. எங்கள் சந்தில் இரண்டே வீடுகளில்தான் அடுப்பு எரிந்தது. நைனாவுக்கு ஹார்பரில் வேலை, லீவு கிடையாது. அம்மாவுக்கோ மாதம் நிறைந்துவிட்டது. எனக்கு விளையாட ஒரு ஆள் இல்லை. பூட்டிய வீடுகளின் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து உள்ளே இருக்கும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுதான் பொழுதுபோக்கு.

ஒரு நாள் காலையில், நைனா வேலைக்குப் போன பிறகு, அம்மாவுக்கு வலி கண்டது. ஓடிப்போய்ப் பின்சந்து மருத்துவச்சியைக் கூட்டி வந்தேன். முஸ்லிம் அம்மாள். எங்கள் சந்தில் பாதிப் பேரை முதலில் கையில் ஏந்தியவள் அவள்தான், எல்லோருக்கும் பாயம்மா. வீட்டிலிருந்த தண்ணீரெல்லாம் அடுப்பில் ஏறிவிட்டது. "கொயாவுல ஒரு கொடம் புடிச்சாந்துரு. சுருக்கா வா" என்றாள் அம்மா.

தெருமுனைக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. குடம் நிறைந்த பிறகும் நான் உடனே தூக்கவில்லை. பட்டாளத்து லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசி லாரியிலிருந்து ஒரு சிப்பாய் என்னைப் பார்த்துக் கையசைத்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துக் கையசைத்த ஒரே மனிதன். லாரி கண்ணுக்கு மறையும்வரை நானும் அசைத்துக்கொண்டு நின்றேன்.

வாசற்படியில் குடத்தை இறக்கியபோது பாயம்மாவின் கையில் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம் இருந்தது. "தம்பிப் பாப்பா. நாலு மூச்சு வுட்டுது. நின்னுபூட்ச்சு" என்றாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் படுத்திருந்தாள்.

சாயங்காலம் நைனா சாமியாரை அழைத்து வந்தார். ஞானஸ்நானம் கொடுத்தாயிற்றா என்று சாமியார் கேட்டார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அப்படியானால் கல்லறைத் தோட்டத்துக்குள் மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்ய முடியாது, மதிலுக்கு வெளியேதான் என்றார். கெட்டவர் அல்ல. இதைச் சொல்லும்போது குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தாள். "நாங்க செத்து மோச்சத்துக்குப் போனாக்கூட அத்தப் பாக்க முடியாதா சாமி?"

சாமியார் மறுபடியும் குடையைத் திருகினார். பதில் எனக்குத் தெரியும். வகுப்பில் அதைச் சரியாகச் சொன்னதற்கு மாதா படம் ஒன்று பரிசு வாங்கியிருந்தேன். லாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வந்திருந்தால் அந்த நாலு மூச்சில் ஒன்றாவது எனக்குக் கிடைத்திருக்கும் என்பதும் தெரியும்.

"நான் ஊத்துனேன் சாமி" என்றேன்.

மூச்சு இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். என்ன சொல்லி ஊற்றினாய் என்று கேட்டார். வாசகத்தைப் பிசகாமல் சொன்னேன். என்ன பெயர் வைத்தாய் என்றார். "ராயப்பன்." ராயபுரத்துப் பிள்ளைக்கு அவசரத்தில் வேறென்ன பெயர் தோன்றும்? சாமியார் பாயம்மாவின் பக்கம் திரும்பினார். பாயம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சாமி. பாப்பாதான் ஊத்துச்சு. நான் பாத்துகினுதானே இருந்தேன்" என்றாள் பாயம்மா.

பாவம், வயசாகிவிட்டது, குழம்பிப்போய்ச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவ்வளவு கெட்டிக்காரி.

அவர்கள் வெளியே போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று பக்கத்தில் போனேன். "நீ கொணாந்த கொடம் வாசப்படியில அப்புடியே கீது பாரு. உள்ள எட்த்து வையி" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் ராயப்பன் மதிலுக்கு உள்ளே போனான்.

அதன் பிறகுதான் என் பயம் ஆரம்பித்தது. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் உண்மையைச் சொன்னால் தம்பியைத் தோண்டி வெளியே போட்டுவிடுவார்கள். சொல்லாமல் பூசையில் நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்கினால் ஒரு பாவம் இரண்டாகும். ஆகவே ஞாயிறு பூசையில் பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டுக்கொண்டு நன்மை வாங்கப் போகும்போது நான் பெஞ்சிலேயே இருந்தேன். அம்மாவும் இருந்தாள். அதுவரை ஒரு வாரம் தவறாதவள். அவளுக்கு ஆண்டவரோடு கோபம் என்று நினைத்தேன். நான் ஏன் போகவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. நல்லவேளை என்று நினைத்தேன். இப்படியே ஆறு வருஷம் ஒரே பெஞ்சில், பேசாமல். உலகத்திலேயே தனியாக இருப்பவள் நான்தான் என்று அழுகை வரும்.

பதினைந்து வயதில் பொறுக்கமாட்டாமல் திருவொற்றியூர்ப் பக்கம் போய், முகம் தெரியாத ஒரு சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குழந்தையை யாரும் தோண்டமாட்டார்கள் என்றார். செய்ததற்கு மனஸ்தாபம் இருக்கிறதா, மனம் நொந்து வருந்துகிறாயா, அது இருந்தால்தான் மன்னிப்பு என்றார். இருக்கிறது என்று தேம்பினேன். மூன்று மந்திரம் சொல்லச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு மூன்று மந்திரம், மலிவுதான்.

அடுத்த ஞாயிறு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். அம்மா முழங்காலை ஒதுக்கி எனக்கு வழிவிட்டாள். திரும்பி வந்தபோது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இனி அவளும் வருவாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கப்புறம் எந்த வாரமும் வரவில்லை.

நானும் இரண்டு பெற்ற பிறகுதான் விளங்கியது. பெறுகிறவள் கண்ணை மூடியிருந்தாலும் அறைக்குள் யார் இருந்தார்கள், யார் தண்ணீருக்குப் போயிருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். என் பொய்யில் அவளுக்கும் சரிபாதி. எனக்கு மனஸ்தாபம் இருந்தது, மன்னிப்பு கிடைத்தது. பிள்ளையை மதிலுக்கு உள்ளே வைத்ததற்கு அவளுக்கு மனஸ்தாபம் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சாமியாரிடம் சொல்ல அவளுக்கு வரவில்லை.

ஆறு வருஷமும் அந்தப் பெஞ்சில் எனக்குத் துணை இருந்திருக்கிறது. அம்மாவுக்குத் துணையாக இருந்தவள் நான் ஒருத்திதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முழங்காலைத் தாண்டிக்கொண்டு, சந்தோஷமாக எழுந்து போய்விட்டேன்.