ஸ்டோர் சூடும் ஒரு பச்சை இகுவானாவும்

வளர்ப்பு மீன் கடை அண்ணன் என்னிடம் பொய் சொன்னார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஓர் உயிரைக் கையில் கொடுத்தால் அதற்குப் பொய் என்றுதான் பெயர். இகுவானா என்கிற வெளிநாட்டு ஓணானோடு சேர்த்து அவர் கொடுத்த சிவப்பு பல்பு இன்னும் என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

போடியில் கடை வைப்பதற்கு முன்னால் அவரும் நானும் போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஒன்றாக வேலை பார்த்தோம். ஏலக்காய் உலர்த்தும் அறையை அங்கே ஸ்டோர் என்பார்கள். பறித்த காயைத் தட்டுகளில் பரப்பி, அடுப்புக்கு விறகு தள்ளி, கதவைச் சாத்தி வைக்க வேண்டும். சூடு கூடினால் காயின் பச்சை போய்விடும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். அண்ணன் கதவில் புறங்கையை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார். அவர் கையில் ஒரு தட்டுக் காய்கூட நிறம் கெட்டதில்லை. "ஈரம்தாம்ப்பா நமக்கு எதிரி. பொட்டு ஈரம் நின்னாலும் மூட்டை முழுக்க நாறிப் போகும்" என்பார். மதியம் தூக்குவாளியைத் திறந்தால், "அந்த ரசத்தையும் தட்டுல ஊத்திக் காயப்போடு" என்று கேலி செய்வார். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அங்கே வந்ததுதான்.

இந்த வருடம் அவர் கடைக்கு மீன் வாங்கப் போன இடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் அதைப் பார்த்தேன். முழங்கை நீளம், வெற்றிலைப் பச்சை. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. பிடித்துவிட்டது, வாங்கினேன். என்ன தின்னும் என்று கேட்டேன்.

"முட்டை போடு, புழு போடு. ஓணான் சாதிதான. சூடு மட்டும் கொறையக் கூடாது. நம்ம ஸ்டோர்ல காய் கெடந்த மாதிரி கெடக்கட்டும்."

அப்படியே செய்தேன். நாலு பக்கமும் அடைத்த பலகைப் பெட்டி, மேலே அந்த பல்பு, உள்ளே துளி ஈரம் இல்லை. ஸ்டோர் வேலை பார்த்தவனுக்கு அது சரியாகவே பட்டது. என் மனைவி மட்டும், "காயவச்சு ஏலத்துக்கு அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நாளில் அதன் விரல்களில் பழைய தோல் உரியாமல் வளையமாக இறுகியது. தாடை வீங்கியது. பின்னங்கால் நடுங்கியது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். "இதுக்கு எங்க ஊசி போடணும்னே எனக்குத் தெரியாதுப்பா" என்றார் டாக்டர். அப்படிச் சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. அவரே மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "இது தழை திங்குற உயிர். முட்டையும் புழுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காலை வெயில் நேரா மேல படணும், இல்லேன்னா எலும்பு வலுவே இல்லாமப் போயிரும். சூடு வேணும், கூடவே ஈரமும் வேணும்" என்றார். நாங்கள் வாழ்நாள் முழுக்க விரட்டிய ஈரம். ஊருக்கு வந்ததும் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பெயர்த்து வலை அடித்தேன். தினமும் தண்ணீர் தெளித்தேன். காலையில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு மொட்டைமாடி வெயிலில் நின்றேன். எதிர்வீட்டுக்காரர், "மாப்ளே, ஓணானுக்கு ஜாதகம் பாத்தாச்சா?" என்றார். இது சாகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

தழைதான் பெரிய பாடாகிவிட்டது. மலை முழுக்கப் பச்சை, ஆனால் மருந்து அடிக்காத இலை கிடைக்கவில்லை. கடைக் கீரையையும் நம்ப முடியவில்லை. யோசித்தபோது பட்டுப்புழு வளர்ப்பவர்கள் ஞாபகம் வந்தது. மல்பெரிச் செடிக்கு மருந்து அடித்தால் புழு செத்துப்போகும், அதனால் மருந்தைத் தொட மாட்டார்கள். பஸ் ஏறி ராசிங்காபுரம் போனேன். தோட்டத்துக்காரர் ஒரு கட்டு ஒடித்துக் கொடுத்து, "என் புழு திங்குறதத்தான் ஒங்க ஓணானும் திங்குமா? அப்ப அதுவும் கூடு கட்டுமாண்ணே?" என்று சிரித்தார். இப்போதும் அவரிடம்தான் போகிறேன். இகுவானா தின்கிறது, கொடியில் ஏறுகிறது. தாடை மட்டும் கோணலாகவே நின்றுவிட்டது. அது இனி நேராகாது.

போன வாரம் கடைக்குப் போனேன். அதே தொட்டியில் புதுக் குட்டிகள், மேலே அதே சிவப்பு பல்பு. கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியிடம் அண்ணன், "முட்டை போடும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, "வாசல்ல நின்னு சத்தம் போடாதப்பா. உள்ள வா, நமக்குள்ள பேசிக்கலாம்" என்றார். கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்; அவருக்கு என் பதில் இதுதான்.

உள்ளே வர மாட்டேன், அண்ணே. நமக்குள் பேச ஒன்றும் இல்லை. உங்கள் பல்பை எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் வருகிறேன். கல்லா மேல் வைப்பேன். இதை வளர்க்க உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? வாங்க வந்தவர்கள் காதில் விழும்படி, வாசலில் நின்று பதில் சொல்லுங்கள்.