கதவின் நாக்கு

குன்னூரில் மழை பிடித்துவிட்டால் துணி காயாது. ஞானசேகரனின் சட்டைகளை சுலோச்சனா அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில்தான் காயப்போடுவாள். கல்யாணமான நாள் முதல் அந்தச் சட்டைகளில் எண்ணெய்க் கறையும், இரும்புச் சுருள் தெறித்த பொத்தலும் இல்லாமல் இருந்ததில்லை. அவன் கையும் அப்படித்தான். ரசம் பட்டால் எரிகிறதென்று கரண்டி கேட்பான்.

தேயிலை ஃபாக்டரிகளுக்கு ஷாஃப்டும் ரோலரும் கடைந்து கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் அவன் லேத் வேலைக்காரன். போன தையில் அங்கே கம்ப்யூட்டர் மெஷின் வந்து, அவனை அதில் நிறுத்தினார்கள். கைக் கீறல்கள் ஆறின.

"இப்பத்தான் மாப்பிள்ளை கையாட்டம் இருக்குது" என்று சுலோச்சனா கேலி செய்தாள்.

"போ புள்ள. மெஷின் கதவச் சாத்திட்டு வாட்ச்மேனாட்டம் நிக்கோணும். கதவுக் கண்ணாடியெல்லாம், இரும்பு சூடேறாம இருக்க ஊத்தற தண்ணி அடிச்சு மறைச்சுக்குது. உள்ள என்ன நடக்குதுன்னே தெரியறதில்ல."

ஆடியில் ஒருநாள் துவைக்கும்போது சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு விழுந்தது. அதன் கூர்முனை பையைக் கிழித்திருந்தது. திட்டிக்கொண்டே தையல் போட்டாள். "வேலைச் சாமான், பத்திரமா வை" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை, அதே மெஷினில் அடுத்த ஷிஃப்ட் பார்க்கும் சில்வஸ்டர் டீ குடிக்க வந்தான். அலமாரியில் துண்டைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏனுங்க்கா, இது இங்க எப்படி வந்துச்சு?"

"அவர் பையில கிடந்துச்சு. என்னப்பா அது?"

"மெஷின் கதவுல ஒரு நாக்கு இருக்குதுங்க. சாத்துனா அது ஓட்டைக்குள்ள போகும், அப்பத்தான் மெஷின் ஓடும். அதே மாதிரி இதச் செஞ்சு வெச்சிருக்காரு. இதச் சொருகிட்டா, கதவு தெறந்து கிடந்தாலும் சாத்தியிருக்குன்னு மெஷின் நெனச்சுக்கும். ஓடறப்பவே கைய உட்டுச் சுருள எடுக்கிறாரு."

"லேத்துலயும் எடுப்பாரே?"

"லேத்துல திருகறது அவரு கைதானுங்க. கை நின்னா உளியும் நிக்கும். இதுல உளி தானா வரும். வழியில இருக்கறது இரும்பா கையான்னு அதுக்குத் தெரியாதுங்க்கா. நான் சொன்னாக் கேக்கறதில்ல, நீங்களாச்சும் சொல்லுங்க."

சாயந்திரம் கேட்டாள். ஞானசேகரன் சிரித்தான்.

"அவன் பயந்தாங்கொள்ளி. இரும்போட சத்தம் கேக்காம நான் எப்படி வேலை செய்யறது? இந்தா, கையப் பாரு. ஒரு கீறல் இருக்குதா?"

இல்லைதான். அந்தச் சுத்தமான கையின் ஐந்து விரல்களையும் எண்ணுவதுபோல் தொட்டுப் பார்த்தாள்.

காலையில் அவன் கிளம்புவதற்குள் துண்டை வீட்டுக்குப் பின்னால் புரண்டோடும் ஓடையில் எறிந்தாள். அவன் அலமாரியில் துழாவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினான். விட்டது தொல்லை என்றிருந்தாள்.

அடுத்த வாரம் துவைக்க எடுத்த சட்டை கனத்தது. பையில் அதேபோல் இன்னொரு துண்டு. இந்த முறை மூலைகளையெல்லாம் அரத்தால் ராவி, கூழாங்கல் மாதிரி வழவழப்பாக்கியிருந்தான். அவள் போட்ட தையலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

இது இங்கே கிடக்கிறதே, அவன் வெறுங்கையோடா வேலைக்குப் போயிருப்பான்? அவள் ஆணியில் மாட்டியிருந்த சட்டைகளின் பைகளை ஒவ்வொன்றாகத் தடவ ஆரம்பித்தாள். மூன்றாவது பையிலும் ஒன்று இருந்தது.