தப்பாகச் சுருட்டிய படம்

பாய் சுருட்டத் தெரிந்தவளுக்குப் படம் சுருட்டத் தெரியவில்லை. அந்தத் தப்பு என்னுடையதுதான், வேறு எவர் தலையிலும் கட்டமாட்டேன்.

ஜப்பான்காரன் தோற்று ஓடியபோது, கோலா சிலாங்கூர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெரிய பங்களாவைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் நான். அவன் விட்டுப்போன குப்பையில் நீளமான ஒரு படம் பிரிந்து கிடந்தது. ஒரு முனையில் மட்டும் உருண்டைக் குச்சி. குச்சியில்லாத முனையிலிருந்து பாயைப்போலச் சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரரை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்து திரும்பிய நாலைந்து பேரும் அவரைப் பார்க்கவில்லை என்றார்கள். செத்ததைப் பார்த்தேன் என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை. என் மாமியாருக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் படத்தைத் தரையில் உருட்டிவிடுவோம். முதலில் வருவது வெள்ளை மலை. பனியை எங்கே கண்டோம் நாங்கள்? "ரப்பர் பாலக் கொட்டிப்புட்டானுங்களா?" என்றார் அத்தை. அடுத்து சிவந்த இலைகள். அது தெரியும், இலை உதிரும் மாதங்களில் எங்கள் ரப்பர் மரங்களும் அப்படித்தான். பிறகு பச்சை, மழை, ஓர் ஓடை. கடைசியில் ஒரு வீடும் வாசலில் பூத்த மரமும். எல்லா இடத்திலும் ஓலைத் தொப்பி போட்ட ஒரே ஆள், தோளில் மூட்டை.

"பாத்தியாடி, எம்மவன்தான். மலையெல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கான்."

ஆனால் அந்த ஆளின் முகம் எப்போதும் வெள்ளை மலைப் பக்கமே இருந்தது. வீட்டுக்கு வருகிறவன் பின்பக்கமாகவா நடப்பான்? கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அவர் வரவேண்டும், என்ன செய்ய?

பிறகு காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை தொடங்கியது, அவசரகாலம் என்றார்கள். எல்லோரையும் படம் பிடித்து அடையாளக் கார்டு கொடுக்க, பால் நிறுக்கும் கொட்டகையில் மேசை போட்டார்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி வரப்போகிறது, பேர் பதியாதவனை உள்ளே விடமாட்டார்கள், சுட்டாலும் சுடுவார்கள் என்று பேச்சு. அத்தைக்குச் சோறு இறங்கவில்லை.

"எம்மவன் பேரையும் எழுதச் சொல்லுடி. வர்ற நேரத்துல வாசல்ல வச்சுச் சுட்டுப்புட்டா?"

எங்கள் முறை வந்தது. ஆள் வராமல் பேர் எழுத முடியாது என்றார் மலாய்க்கார எழுத்தர். மலாய் தெரியாத அத்தைக்கு நான் அதைச் சொன்னேன். விடுவாரா? கொண்டுவந்திருந்த படத்தை மேசைமேல் உருட்டிவிட்டார். "எம்புட்டுத் தூரம் வந்துட்டான்னு காட்டு அவருக்கு."

படம் பிடிக்க டவுனிலிருந்து வந்த சீனர் எட்டிப் பார்த்தார். குச்சி உள்ளே இருக்கவேண்டும், தப்பாகச் சுருட்டியிருக்கிறீர்கள் என்று மலாயில் சொல்லி, குச்சியிலிருந்து சுருட்டி, வலப்பக்கமிருந்து பிரித்துக் காட்டினார். பூமரம், வீடு, அதைவிட்டுக் கிளம்பும் ஆள். ஓடை. சிவந்த இலை. வெள்ளை மலை. அதற்கப்புறம் வெறும் தாள்.

"என்னடி சொல்றான்?"

"படம் நல்லாருக்காம் அத்தை."

எழுத்தருக்குப் பொறுமை போய்விட்டது. புருஷன் இருக்கிறானா இல்லையா, ஒரே பேச்சில் சொல் என்று மலாயில் எரிந்து விழுந்தார். அத்தைக்குப் புரியாது என்ற தைரியத்தில், "சுடா மாத்தி" என்றேன். செத்துவிட்டார்.

பாவி, யோசித்தேனா? மாடு செத்தாலும் மரம் பட்டுப்போனாலும் தோட்டத்தில் எல்லார் வாயிலும் வருகிற சொல் மாத்தி. அத்தைக்குத் தெரிந்த நாலு மலாய்ச் சொல்லில் அதுவும் ஒன்று.

சீனர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னபோது, இருங்கள் என்று அத்தை கையைக் காட்டினார். முந்தானையை எச்சிலில் நனைத்து என் நெற்றிப் பொட்டை அழித்தார். தோல் எரியும்வரை தேய்த்தார்.

"இப்பப் புடிக்கச் சொல்லு," என்றார்.

முள்வேலி வந்தபிறகு, அந்த முகம் ஒட்டிய கார்டைத்தான் ஒவ்வொரு நாளும் வாசல் காவல்காரனிடம் நீட்டினேன்.