கைக்குட்டை கட்டி எடுத்த படம்

அவசியம் பார்க்க வேண்டிய ஆவணப்படம் என்று பேத்தி செல்போனை நீட்டினாள். குழலிசைக்கு நடுவே வெள்ளைச் சங்கு ஒன்று மின்னியது. எனக்கோ அழுகல் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது.

யுத்தச் சமயம். தூத்துக்குடிச் சங்குக் கிட்டங்கியில் அம்மாவுக்குக் கூலி வேலை. கடலில் குளித்தெடுத்த சங்குகளைச் சதை அழுகும்வரை குவித்து வைப்பார்கள். பிறகு அந்தச் சதையைப் புழுவோடு வழித்தெடுத்துச் சங்கைக் கழுவ வேண்டும். சர்க்கார் படக்காரர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்து அம்மாவைப் படம் பிடித்துப் போனார்கள்.

கடற்கரையில் அந்தப் படத்தைக் காட்டிய அன்று, அம்மா கையைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வந்தாள். திரையில் மல்லிகை வைத்த யாரோ ஒருத்தி, கழுவிய சங்கை மடியில் வைத்துச் சிரித்தாள்.

"ஏளா, உன்னைக் காங்கலியே?" என்றாள் பக்கத்து வீட்டு மரியம்மை.

"புழுவ எவன் பாப்பான்?" என்றாள் அம்மா.

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மல்லிகைக்காரி என் அம்மாவாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தபடி நானும் தட்டினேன்.

"எப்படி இருக்கு தாத்தா?" என்றாள் பேத்தி.

"குமட்டுது" என்றேன்.

படம் பார்த்துத் திரும்பிய அன்று, அம்மா பிசைந்து ஊட்டிய சோற்றைத் தள்ளிவிட்டு அவளிடமும் இதையேதான் சொன்னேன்.