மாமனார் சாந்தமாக இருந்த வாரம்

வண்டலூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் தன் காரை எப்போதும் எங்கள் கேட்டை மறித்துத்தான் நிறுத்துவார். தினமும் காலையில் என் மாமனார் பால் பாக்கெட் எடுக்க வரும்போது அந்தக் காரைப் பார்த்துக் கத்துவார். காருக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை சம்பளம் வாங்கிக்கொண்டு கண்டுபிடித்த குற்றங்களை, அதற்கப்புறம் இலவசமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தின் கடைசியில் ஒரு நாள் கார் நின்றது, கத்தல் வரவில்லை. மாமனார் கேட்டைப் பிடித்தபடி காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதி எதிர்வீட்டுக்காரரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். லுங்கியோடு ஓடி வந்தார்.

"சார், இதோ எடுத்துடறேன் சார்."

"இருக்கட்டும்பா. பாவம், அது எங்க போகும்?"

அன்று காலை மாமனார் உப்புமாவைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். பாதிதான் சாப்பிட்டார், ஆனால் குறை சொல்லவில்லை. மாமியார் சமையலறைக்குள் வந்து என் காதில் சொன்னார்: "பிரதோஷத்துக்கு வேண்டிக்கிட்டேன். கைமேல பலன்."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அவர் யாரையும் திட்டவில்லை. செயலாளர் என் கணவருக்குப் போன் செய்து "அப்பா ஊர்ல இல்லையா?" என்று விசாரித்தார். மாமனாருக்கு லேசான இருமல் இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம், சூடு இல்லை. தெர்மாமீட்டரும் அதையே சொன்னது. மழைக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று மாமியார் சுக்குக் கஷாயம் கொடுத்தார். அதையும் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

மூன்றாம் நாள் மாலை, காட்டாங்குளத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்த மாமனார் என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"வாங்க, உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா?"

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து யாரும் எனக்கு இப்படி மரியாதை கொடுத்ததில்லை. கணவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"மாமாவுக்கு உடம்பு சரியில்லை."

"இப்பதான் மனுஷனா மாறியிருக்கார். அதைப் போய் வியாதிங்கறியே!"

நான் மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே ஒரு குழி விழுந்து விழுந்து எழுந்தது. நான் ஒரு மூச்சு விடுவதற்குள் அவர் இரண்டு மூச்சு விட்டார். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடந்தது. பேட்டரி செத்துப் போயிருந்தது. டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியை உருவினேன். சீரியலுக்குக் காத்திருந்த மாமியார் "ஐயையோ" என்றார்.

மாமனார் விரலில் எண்பத்தெட்டு காட்டியது.

"மிஷின் பழசு, தப்பா காட்டுது" என்று கணவர் பிடுங்கித் தன் விரலில் மாட்டிக்கொண்டார். தொண்ணூற்றெட்டு. உடனே போனை எடுத்தார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். ஜிஎஸ்டி ரோட்டில் நெரிசல், நேரமாகும் என்றார்கள். கேட்டை மறித்து நின்ற காரிலேயே போனோம். எதிர்வீட்டுக்காரர்தான் ஓட்டினார். வழியெல்லாம் மாமனார் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு நன்றிக்கும் அவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. இளம் வயது டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மாமனாரின் முதுகில் வைத்து ஒரே இடத்தில் வெகுநேரம் கேட்டார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார்.

"காத்து இருக்கற இடம் கறுப்பாத் தெரியணும். வலது பக்கம் கீழ பாருங்க, வெள்ளையா இருக்கு. நிமோனியா."

"ஜுரமே இல்லையே டாக்டர்?" என்றார் கணவர்.

"வயசானவங்களுக்குச் சில சமயம் ஜுரம் வராது. சரியாச் சாப்பிட மாட்டாங்க, குழம்பிப் போயிருப்பாங்க. அவ்வளவுதான் வெளிய தெரியும். நடத்தைல ஏதாவது மாற்றம் இருந்துதா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நல்லவரா இருந்தார் டாக்டர்" என்றார் மாமியார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எத்தனை நாளா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அட்மிட் செய்தார்கள். கையில் ஊசி குத்தி, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். உடம்பு மருந்தை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று இரண்டு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வெளியே வராந்தா நாற்காலியில் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அந்த மனுஷன் மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்திருக்கார். நான் சாமிக்குத் தேங்காய் உடைச்சுட்டு வந்தேன்."

கேன்டீனிலிருந்து காபி வாங்கி வந்து கொடுத்தேன். ஆறும்வரை கையிலேயே வைத்திருந்து, பிறகு ஒரே மடக்கில் குடித்தார்.

இரண்டு நாளும் மாமனாருக்கு நாங்கள் யாரென்றே பிடிபடவில்லை. அதற்கு மறுநாள் காலை நாங்கள் அறைக்குள் நுழைந்தபோது மாமனார் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "எட்டு மணி ஊசியை எட்டரைக்குப் போட்டா அதுக்கு என்ன அர்த்தம்? உங்க மேலதிகாரி யாரு?" நர்ஸ் முகம் சிவந்து நின்றாள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு "இன்னும் ரெண்டு வார்த்தை திட்டு வாங்கிக்கோம்மா" என்றார்.

அந்த வாரக் கடைசியில் மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சளி வெளியேற முதுகில் தட்ட வேண்டும், உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருந்தார். "புருஷனை நான் அடிக்கறதா?" என்று மாமியார் ஒதுங்கிக்கொண்டார். கணவருக்குத் திடீரென்று மணிக்கட்டு வலி. ஆக, தினமும் வேலைக்கு ரயில் பிடிக்கக் கிளம்புமுன் மாமனாரைத் தட்டும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. மருத்துவ ரீதியான வேலை என்பதால் மனதாரச் செய்தேன்.

கூடவே மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியும் வந்திருந்தது. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக எழும்ப வேண்டும். முதல் பந்து எழும்பியது, சில நாளில் இரண்டாவதும். மூன்றாவது அசையவில்லை. "தயாரிப்புக் கோளாறு" என்று அறிவித்தார் மாமனார். கம்பெனிக்கு எழுதுவதற்கு விலாசம் தேடச் சொன்னார்.

சில வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தோம். வலது பக்கம் கறுத்துவிட்டது. அவ்வளவு சந்தோஷத்தோடு ஒரு கறுப்பை நாங்கள் பார்த்ததே இல்லை. களைப்பு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

மறுநாள் மாமனார் குளிக்கப் போயிருந்தார். மாமியார் அந்தக் கருவியை எடுத்து, குழாயைப் புடவைத் தலைப்பால் துடைத்து, வாயில் வைத்து இழுத்தார். மூன்று பந்துகளும் ஒரே இழுப்பில் உச்சிக்குப் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கருவியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சொல்லிடாதே" என்றார் என்னிடம்.